ஒரு கங்கு நெருப்பு

“ஊடே கட்டிக் குடுத்தீங்க. உங்க அடுப்புல இருந்து ஒரு கங்கு நெருப்பு குடுக்க மாட்டீங்களாங்க ரைட்டரய்யா?”

பாவாயி உடைந்த பானை ஓட்டை நீட்டியபடி கேட்டாள். பாக்கியநாதன் குடையை எடுத்துக்கொண்டார்.

“கங்கு எதுக்குங்க்கா? தீப்பெட்டி இருக்குதில்ல, உரசிப் பத்த வையுங்க.”

சொல்லிவிட்டு நிற்காமல் மேட்டில் ஏறிப் போய்விட்டார். புது வீட்டு வாசலில் அத்தனை பேர் முன்னால் இப்படி ஆனதில் பாவாயிக்குச் சுருக்கென்றது.

அவளுடைய தாய்வீட்டில் ஒரு வழக்கம். புது வீட்டின் முதல் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைக்கமாட்டார்கள். யார் கைதூக்கிவிட்டார்களோ, அவர்கள் வீட்டு அடுப்பிலிருந்து கங்கு வாங்கி வந்துதான் பால் காய்ச்சுவார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகூடக் கங்கு கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை.

எஸ்டேட்டில் வேலை போனால், அங்கே குடியிருக்கக் கொடுத்த லைன் வீடும் போய்விடும். புருஷன் செத்து, முதுகு பிடித்துக்கொண்டு, காப்பிப் பழம் பறிக்கப் போக முடியாமல் ஆனதும் பாவாயி பிரிவு ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு மழைக்காலம் அந்தச் சிமெண்டு பெஞ்சில்தான் படுக்கை.

அப்புறம்தான் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தருகிற கமிட்டி வந்தது. நாகலூர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள், மாரமங்கலத்துக்காரர்கள் மரம் கொடுத்தார்கள், மஞ்சக்குட்டை ஜீப்காரர்கள் ஓடு ஏற்றி வந்தார்கள். சாமானியமாக ஒன்றுசேருகிற ஊர்களா அவை? மூன்றையும் கோத்துவிட்டது பாக்கியநாதன்தான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். குடையை இடுக்கிக்கொண்டு மூன்று ஊருக்கும் நடையாய் நடந்தவர்.

பாவாயியுடையது கமிட்டி கட்டிய கடைசி வீடு.

“இந்த ஊட்டோட, நம்ம மூணு ஊர்லயும் ஊடு இல்லாத ஆளே இல்லீங்க!” என்று கமிட்டித் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் காலையில் முழங்கியபோது கைதட்டல் காதைப் பிளந்தது. பாவாயி கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றாள். இத்தனையும் செய்த ரைட்டரய்யா போய் ஒரு கங்குக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாரா!

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அடுப்பைப் பற்றவைக்காமலே தலைவரிடம் போனாள்.

“ஏனுங்க, ரைட்டரய்யா ஊடு எங்கீங்க?”

“மஞ்சக்குட்டையில, பாவாயி.”

“எந்தப் பக்கமுங்க?”

ஸ்தனிஸ்லாஸ் மோவாயைச் சொறிந்தார். “அது கேட்டுக்கலையே. அங்க போனா சொல்லுவாங்க.”

பானை ஓட்டோடு ஜீப்பில் ஏறி மஞ்சக்குட்டையில் இறங்கினாள். அந்த ஊர்க் கமிட்டி ஆள் மாதப்பன் சிரித்தார்.

“அவரு உங்க நாகலூரு ஆளுங்களே! இங்க யாரு சொன்னது?”

பாவாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று ஊருக்கும் வீடு கட்டித் தருகிறவர், தன் வீடு இருக்கிற இடத்தை மட்டும் மூடி மறைத்து வைத்திருக்கிறார்! நம்மைப் போன்றவர்கள் காலடி பட்டால் தரை தேய்ந்துவிடுமாக்கும் என்று திட்டிக்கொண்டே திரும்பினாள்.

பிரிவு ரோட்டில் ஜீப் அவளை இறக்கிவிட்டபோது சாயங்கால மூடுபனி இறங்கிவிட்டிருந்தது. பழைய பழக்கத்தில் பஸ் ஸ்டாப் பக்கம் தலை திரும்பியது.

அவள் துணிப்பையை மாட்டிவைக்கிற ஆணியில் ஒரு குடை தொங்கியது. பெஞ்சின் அடியில் தகரப் பெட்டி. பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாக்கியநாதன் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

“ரைட்டரய்யா! இங்க என்னங்க பண்றீங்க?”

அவர் பன்னைக் கீழே வைத்தார்.

“ரிட்டையர் ஆனா ரைட்டருக்கும் குவாட்டர்ஸ் போயிருங்க்கா. இத்தனை நாளு ஒரு பழைய கொட்டாயில கிடந்தேன். போன வாரக் காத்துல அதுவும் சாஞ்சு போச்சு.”

“கமிட்டியில சொல்றதுக்கென்னங்க?”

“ஊடு கட்டிக் குடுக்கற ஆளு தனக்கு மொதல்ல எடுத்துக்கிட்டா, அப்புறம் எந்த ஊர்க்காரன் மரம் குடுப்பான்? எல்லாத்துக்கும் ஆனப்புறம் கடைசி ஊடு நமக்குன்னு இருந்தேன்.”

“அந்தக் கடைசி ஊட்டைத்தானுங்களே எனக்குக் குடுத்துட்டீங்க!”

“நீங்க போனாத்தானேக்கா எனக்கு இந்த பெஞ்சு கிடைக்கும்?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ஊடு இல்லாத ஆளே இல்லைன்னு எல்லாரும் நொம்ப சந்தோசமா இருக்கறாங்க.”

அடுப்பே இல்லாத மனுஷனிடமா கங்கு கேட்டுச் சண்டைக்கு நின்றோம்! பாவாயிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

தாய்வீட்டு வழக்கம் இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று தீக்குச்சியை உரசினாள். புது அடுப்பு பற்றிக்கொண்டது. பால் காய்ச்சவில்லை. விறகு நன்றாகக் கனிந்ததும் ஒரு கங்கை எடுத்துப் பானை ஓட்டில் வைத்துக்கொண்டு நேரே தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் வெளியே வந்தார். “என்ன பாவாயி, எப்படியோ ரைட்டர்கிட்ட கங்கு வாங்கிட்ட போல இருக்குது!”

“இல்லீங்க சாமி, இது என் ஊட்டுக் கங்கு. ரைட்டரய்யாவுக்குக் குடுக்கலாம்னா, வாங்கி வைக்க அவருக்கு ஒரு அடுப்பு இல்லீங்க. இது அவியறதுக்குள்ள கமிட்டியைக் கூட்டுங்க.”