சுடர்க்கொடியின் சோடியம்

வானத்தின் ஒரு மூலையில் லட்சம் நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தன. எல்லாரும் ஒரே மேகத்தில் பிறந்தவர்கள் என்பது அவர்களுடைய பெருமை. அதை ஓயாமல் பேசியவர் கனலப்பர், வயிறு உப்பிய கிழட்டுச் சிவப்பு நட்சத்திரம். யாருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எல்லாருடைய ஒளியையும் பிரித்துச் சோதிக்கச் சொன்னதும் அவர்தான்.

சோதித்ததில் சின்னவள் சுடர்க்கொடி மாட்டிக்கொண்டாள். மற்றவர்களைவிட அவளிடம் ஆக்சிஜன் குறைவு, சோடியம் எக்கச்சக்கம்.

"இது நம்ம ரத்தமே இல்லை! கூட்டத்தை விட்டு வெளியே போ!" என்றார் கனலப்பர்.

வெளியே ஒரே இருட்டு, பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது. சுடர்க்கொடி கெஞ்சினாள். "நான் பிறந்ததே இங்கேதான், தாத்தா. பக்கத்துல கிடந்த வாயுவைச் சேர்த்துத்தான் உருண்டேன்."

"எவன் துப்பின எச்சிலோ!" என்று கத்தினார் கனலப்பர். கத்திய வேகத்தில் வயிறு குலுங்கி, அடிவயிற்றிலிருந்து பெரிய ஏப்பம் ஒன்று புறப்பட்டது. அக்கம்பக்கமெல்லாம் மஞ்சள் புகை. அத்தனையும் சோடியம்.

லட்சம் பேரும் கனலப்பர் பக்கம் திரும்பினார்கள். சுடர்க்கொடிக்கோ பிறந்த வீட்டு வாசனை அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்கேயும் போகலை, தாத்தா. நீங்க அடுத்த தடவை கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி ஏப்பம் விடுங்க."