பதினோராவது ஃபைல்

"இதை வச்சு வெல்டிங் வேணும்னா பண்ணலாம்மா. கண்ணுல பண்ண முடியாது."

தலைமைக் கண் டாக்டர் மேசை மேலிருந்த லேசர் கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த மருத்துவமனையில் அவருக்குக் 'கத்தி' என்று பெயர். ஆபரேஷனிலும் சரி, பேச்சிலும் சரி, ஆளை அறுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

எதிரே நின்ற பெண் பொறியாளர், ஐந்து வருடமாக அந்தக் கருவியோடு மல்லுக்கட்டியவள். இங்கே அதைப் பயன்படுத்த அவர் கையெழுத்து வேண்டும்.

"அது வேற லேசர் சார். இது மிட் இன்ஃப்ராரெட். தண்ணி இந்த ஒளியை அப்படியே குடிச்சிடும். கண் திசுல முக்கால்வாசி தண்ணிதானே? பட்ட இடம் மட்டும் ஆவியாயிடும். பக்கத்துல சூடு பரவாது."

"ஜலதோஷம் வந்தா ஆவி பிடிப்பாங்க. நீங்க கண்ணுக்கே ஆவி பிடிக்கிறீங்க."

பக்கத்தில் நின்ற இரண்டு உதவி டாக்டர்களும் சிரிக்க வேண்டிய இடம் தெரிந்து சிரித்தார்கள்.

அவள் விடவில்லை. "கண் அழுத்தம் ஏறினவங்களுக்கு, உள்ளே தேங்கின நீர் வடிய வழி பண்ணணும். கண்ணோட வெளிச்சுவரை இது மெலிசா சீவிக்கிட்டே போகும். நீர் கசிஞ்சதும், அந்த நீரே ஒளியைக் குடிச்சிடும். அதுக்கு மேல வெட்டாது."

"எங்கே நிறுத்தணும்னு என் கைக்கும் தெரியும். முப்பது வருஷமா தெரியும். மனுஷங்க யாருக்காவது பண்ணீங்களா, இல்லை ஆட்டுக் கண்ணோட சரியா?"

"பதினோரு பேருக்குப் பண்ணியாச்சு சார். வேற ஆஸ்பத்திரியில, முழு சம்மதத்தோட."

"அந்தப் பதினோரு இளிச்சவாயங்க யாருன்னு பார்ப்போம். கடைசியா பண்ணினதைக் காட்டுங்க."

அவள் மடிக்கணினித் திரையில் ஒரு கண் விரிந்தது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. டாக்டர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கிவிட்டு முன்னால் சாய்ந்தார். வடிகால் கச்சிதமாக இருந்தது. குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் தேடி, கடைசியில் பார்வை நரம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நரம்பு பாதி போயிடுச்சே. இவ்வளவு நாள் இந்தம்மா தூங்கிட்டு இருந்தாங்களா?"

"இல்லை சார். ஓரத்துல வர்ற ஆள் தெரியலை, கதவு நிலையில தோள் இடிச்சுக்குதுன்னு மூணு வருஷமா சொல்லியிருக்காங்க. அதுவும் ஒரு கண் டாக்டர்கிட்டயே."

"அவர் என்ன பண்ணினார்?"

"'பார்த்து நடக்கத் தெரியாதா'ன்னு கேட்டாராம்."

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. உதவியாளர்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கோங்க. ஓரப்பார்வை போகுதுன்னு நோயாளியே எடுத்துச் சொல்றாங்க. அழுத்தம் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? அதைச் செய்யாத ஆளுக்கு முதல்ல கண்ணு இருக்கான்னு பார்க்கணும். யாரும்மா அந்தப் பிரகஸ்பதி? பேரைச் சொல்லுங்க. மெடிக்கல் கவுன்சிலுக்கு நானே எழுதிப் போடறேன்."

அவள் மேசையிலிருந்த நோயாளியின் ஃபைலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க சார். கருவியைப் பத்திப் பேசுவோமே."

"கருவி கிடக்கட்டும். ஃபைலைக் கொடுங்க."

"நீங்க கேட்டா காட்டலாம்னு அந்தம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க. ஆனா தனியா இருக்கும்போது பாருங்க சார். அதான் நல்லது."

"எதுக்குத் தனியா? இவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

ஃபைலை அவள் கையிலிருந்து வாங்கி, சம்மதப் படிவத்தைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"நோயாளியின் பெயர்..."

படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அடுத்த வரியில் இருந்தது அவருடைய வீட்டு முகவரி. அதற்கும் கீழே, 'கணவரின் தொழில்' என்ற கட்டத்தில், அவர் மனைவி தன் கைப்பட எழுதியிருந்தாள்: 'கண் மருத்துவர்.'