சுண்ணாம்படித்த தொட்டி

தொட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது.

செல்வப்பிரியா காலி பால் கேனை அப்படியே கீழே வைத்தாள். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, கடைக்கும் போய்விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காலையில் அவள் கலக்கிவிட்டுப் போன பச்சைத் தண்ணீர், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வாய்க்காலில் இறங்கித் தென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாமனார் காளிச்சாமி கையில் தேங்காய் நாரோடு நிமிர்ந்தார். மீசையில் சுண்ணாம்பு. முகத்தில் அப்படியொரு திருப்தி.

"நாளைக்கு ஆளுக வர்றாங்கன்னியே அம்மிணி. தொட்டி பாசி புடிச்சுக் கெடந்துச்சு. நானே தேச்சுச் சுண்ணாம்பு அடிச்சு உட்டுட்டேன்."

யாரை நொந்துகொள்வது? மகள் வீட்டில் வெகுநாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்திருந்தார். மருமகள் பாசி வளர்க்கிற கதை அவருக்குத் தெரியாது. மாட்டுத் தொட்டியில் பச்சை தெரிந்தால் வீட்டுக்கே கேவலம் என்று நினைக்கிற மனிதர். வெள்ளிக்கிழமை தவறாமல் தொட்டி தேய்க்கிற மீனாட்சிபுரத்தில் பாசி வளர்க்க வந்தது அவள் தப்புதான்.

தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாத நுண்பாசி அது. மீன்குஞ்சுகளுக்கு முதல் தீனி. சித்தூர்ப் பக்கத்து மீன்பண்ணைக்காரர் நாளை வந்து பார்த்துப் பிடித்துப்போனால், தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சாணியும் தவிடுமாகப் போகிற வாழ்க்கையில் அவளுக்கென்று ஒரு தொழில்.

பாசி வளர்ப்புப் புத்தகத்தில் சொன்ன உர உப்புகளை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. தக்காளிக்குத் தெளிக்கிற கடல்பாசிச் சாற்றைத் தண்ணீரில் கலந்து பார்த்தாள். முதலில் எல்லாமே செத்தது. சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டி, பிழைத்ததை மட்டும் எடுத்து எடுத்து வளர்த்ததில் ஒருவழியாகப் பழகிக்கொண்டது. அப்படிப் பழகிய பாசி விலைக்குக் கிடைக்காது. இருந்தது இந்த ஒரு தொட்டிதான்.

போதாக்குறைக்கு, சாற்று டப்பா வேறு சீக்கிரம் சீக்கிரமாகக் குறைந்துகொண்டு வந்தது. கணவன் கோபிநாத் தக்காளிக்கு எடுக்கிறான் என்று போன வாரம்கூட ஒரு சண்டை. அவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை.

மாமனார் முன்னால் அழக்கூடாது என்று அடுப்படிக்குள் ஓடினாள்.

மாமியார் பழனாத்தாள் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பாசி எப்போதும் 'நாத்தத் தண்ணி'தான். தொட்டிப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

செல்வப்பிரியா விக்கி விக்கிச் சொல்லி முடித்தாள்.

பழனாத்தாள் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஜன்னல் மேட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் கைவிட்டு, வாய்க்குத் துணி கட்டிய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

உள்ளே பச்சை.

"பால் ஊட்டுல இருந்துக்கிட்டு, ஒறைக்கு எடுத்து வெக்காம ஒரு சட்டியக் காலி பண்ணுவாங்களா?"

செல்வப்பிரியா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். தொட்டியில் இருந்ததைவிட அடர்த்தியாக இருந்தது. எடுத்து வைத்து மறந்துபோன தண்ணீர் இப்படிப் பச்சையாக இருக்காது. மெல்ல ஆட்டினாள். உயிரோடு சுழன்றது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பண்ணைக்காரருக்குக் காட்ட இது போதும். தொட்டி பிறகு நிறையட்டும்.

பாட்டிலைத் திரும்ப வைக்கப் போனபோதுதான் பார்த்தாள். ஜன்னல் மேட்டில் ஒரு பழைய கரண்டி. அதன் குழியில் காய்ந்த பழுப்புக் கறை. முகர்ந்தாள், சாற்று டப்பாவின் அதே கடல் வாடை.

பழனாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலை ஆற்றினாள்.

செல்வப்பிரியா முதலில் கோபிநாத்துக்குத்தான் போன் போட்டாள்.