மேட்டுத் திடல்

லுஹர் தொழுதுவிட்டு வெளியே வருவதற்குள் வானம் இருட்டிவிட்டது.

ஆயர் ஈத்தாம் மலைப்பக்கம் கறுத்தால் எங்கள் சுங்கை பினாங் சந்தில் யாரும் மேகத்தை ரசிப்பதில்லை. அங்கே பெய்வது எங்கள் வாசலுக்குத்தான் வந்து சேரும். போதாக்குறைக்கு அன்று கடல் ஏறும் நாள். கடல் ஏறினால் ஆறு தண்ணீரை வாங்காது, சாக்கடை வழியாக வீட்டுக்குள் அனுப்பிவிடும்.

சுஹானா அறையில் படுத்திருந்தாள். வயிற்றில் தையல் இன்னும் ஆறவில்லை. பக்கத்தில், பிறந்து ஒரு வாரமான எங்கள் மகள்.

போன வெள்ளத்தில் மெத்தை வரைக்கும் தண்ணீர் நின்ற அறை அது. வீட்டுக்கு மாடி கிடையாது. இவர்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?

கை மட்டும் பழக்கப்படி வேலை செய்தது. குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அரிசி மூட்டையை அலமாரி மேல் ஏற்றினேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓட்டினேன்.

அது எங்கள் சந்தின் வழக்கம். பெருமழை என்றால் வண்டிகள் திடலுக்குப் போய்விடும். வட்டாரத்தில் அது ஒன்றுதான் மேடு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து அண்ணன். ஓடாத நாளே அதிகமான அவருடைய பழைய வேன், மழை என்றால் மட்டும் எல்லோருக்கும் முன்னால் ஓடிவிடும்.

நடுவில் திடலை வேலி போட்டு அடைத்து வெகுநாள் என்னவோ வேலை நடந்தது. லாரிகள் புழுதி கிளப்பின. பந்தாட இடம் போச்சே என்று பையன்கள் புலம்ப, நாங்களும் சேர்ந்து திட்டினோம். போன மாதம்தான் திறந்தார்கள். சுற்றிலும் படிக்கட்டு, நடுவில் பச்சைப் புல், ஒரு மூலையில் வண்டி இறங்கச் சரிவு. ஸ்டேடியம் மாதிரி அழகாகத்தான் இருந்தது. பெரிய அறிவிப்புப் பலகை ஒன்றும் வைத்திருந்தார்கள். அடைமழையில் அதை யார் நின்று படிப்பது?

அண்ணனின் வேன் வழக்கம்போல் முன்னாலேயே வந்து நின்றது. சரிவில் இறங்கி அதன் பக்கத்தில் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் நாற்காலியைப் போட்டுச் சாக்கடையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

தண்ணீர் ஏறியது. சிமெண்டு விளிம்பைத் தொட்டது. மகளைச் சுற்றிக்கொள்ள ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அதற்கு மேல் ஏறவில்லை.

மழை கொட்டுகிறது, தண்ணீர் அங்கேயே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு விரல் அளவு இறங்கவும் செய்தது. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அறையை எட்டிப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. தாயும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மழை விட்டதும் சுஹானா எழுந்தாள். நாளைக்குக் குழந்தையை மஞ்சள் காமாலைச் சோதனைக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும், போய்க் காரை எடுத்து வாருங்கள் என்றாள்.

அந்தக் கிழட்டுக் காருக்கு அவள் வைத்த பெயர் கொசு மருந்து வண்டி. போகிற தெருவெல்லாம் அப்படிப் புகை விடும். விற்றுத் தொலையுங்கள், சந்து முனையிலேயே கரண்ட் பஸ் வருகிறதே என்று நிக்காஹ் ஆன நாளிலிருந்து சொல்கிறாள். அன்றைக்கு அந்த வண்டி மேல்கூட எனக்குப் பிரியம் பொங்கியது. சிரித்துக்கொண்டே நடந்தேன்.

திடலின் கரைமேல், மேல்படியில், எனக்கு முதுகைக் காட்டிப் பிச்சைமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் பொட்டலம் கட்டிய தேத்தண்ணி. காலடிச் சத்தம் கேட்டதும், திரும்பாமலே நகர்ந்து இடம் விட்டார்.

“உன் வீட்டுக்குத் தண்ணி வந்துச்சா, ஜபரு?”

“ஒரு சொட்டு இல்லண்ணே.”

“என் வீட்டுக்கும் இல்ல லா. எல்லாம் இங்கதான் இருக்கு.”

கரையேறி, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் கீழே பார்த்தேன்.

திடலைக் காணோம். பாதிப் படிக்கட்டை விழுங்கிய ஒரு குளம் அசையாமல் கிடந்தது. நடுவில் அவருடைய வேனின் கூரை மட்டும் தெரிந்தது.

என் கார் வேனைவிடக் குள்ளம்.

அடைமழையில் படிக்காமல் விட்ட பலகை இப்போதுதான் கண்ணில் பட்டது: வெள்ளநீர் தேக்கும் குளம், மழையில் வண்டி நிறுத்தாதீர். என் மகளின் அறைக்கு வந்திருக்க வேண்டிய தண்ணீர் அது. தேத்தண்ணியை ஆளுக்கு ஒரு வாய் குடித்தபடி இருவரும் அதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சுஹானாவுக்குப் போன் போட்டு, நாளைக்குப் பஸ்ஸிலேயே போவோம் என்றேன்.