செங்கம்மாளின் கையெழுத்து

"செங்கம்மாளோட குச்சியை எடும்மா" என்றார் ஆடிட்டர் ஏசுபாதம்.

வசுமதி பீரோவைத் திறந்தாள்.

பார்க்கப் பென் டிரைவ் மாதிரிதான் இருக்கும். அந்த ஆபீஸில் அதற்குப் பெயர் குச்சி. கம்பெனி டைரக்டர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. உள்ளே அவரவர் டிஜிட்டல் கையெழுத்து. கம்ப்யூட்டரில் செருகி நம்பரைத் தட்டினால் போதும், கடப்பாக்கத்தில் ஐஸ் ஃபேக்டரியைக் கூட்டிக்கொண்டிருக்கிற செங்கம்மாள், செங்கல்பட்டில் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

எதிரே ஃபேக்டரி முதலாளி சம்பத், கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் ஆவட்டும் சார். நான் போன மாசமே டைரக்டர் வேலைய வுட்டு விலகிட்டேன்னு போட்டுடுங்க. எனக்குப் பதிலா நம்ம வாட்ச்மேன் சின்னையன்."

"பாக்கி இருக்கற டைரக்டர் அதை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்."

"அதான் செங்கம்மா கீதே!"

ஃபேக்டரியில் குளிரூட்டுகிற அம்மோனியா வாயு கசிந்தது போன வாரம். மூன்று பெண்கள் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். போலீஸ் கேஸ் எழுதியாகிவிட்டது. கம்பெனி என்றால் இரண்டு டைரக்டர் வேண்டுமே என்று பேருக்குச் சேர்த்த ஆள் செங்கம்மாள். விலகியதாகச் சொல்கிற இந்த ஃபாரம் மட்டும் அரசாங்கத்துக்குப் போய்விட்டால், கசிந்த அன்றைக்குச் சம்பத் அந்தக் கம்பெனியிலேயே இல்லை. கோர்ட்டில் போய் நிற்க வேண்டியது செங்கம்மாளும் அந்த வாட்ச்மேனும்தான்.

"அந்தம்மாவுக்கு விஷயம் தெரியுமா சார்?" வசுமதியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுக்கு இன்னாம்மா தெரியணும்? டைரக்டர்னதும், எந்தப் படத்துக்குன்னு கேட்ட பொம்பள அது!"

சம்பத் சிரித்தார். ஏசுபாதமும் கூடவே சிரித்தார். அதுதான் வசுமதிக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் முதல் வரிசையில் நிற்கிற மனுஷன்! முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொன்னால் மட்டும் என்ன, சம்பத் குச்சியையும் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த தெரு ஆடிட்டரிடம் போய்விடுவார். இருந்தாலும் நாம் செய்தோம் என்று இருக்காதில்லையா?

குச்சியைச் செருகினாள். நம்பர் கேட்டது. அவள் கை மேஜையை விட்டு எழவில்லை.

"என்னம்மா யோசனை? நகரு, நானே போடறேன்."

என்ன அவசரம் பார், என்று மனசுக்குள் கருவிக்கொண்டே எழுந்து நின்றாள்.

ஏசுபாதம் ஒற்றை விரலால் தட்டினார். தப்பு என்றது.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி தட்டினார். மறுபடியும் தப்பு.

"இன்னா சார், மறந்துட்டீங்களா?"

"வயசாகுதில்ல சம்பத்து. எத்தனை கம்பெனி, எத்தனை நம்பர். இரு, இதான்."

அது இல்லை. அந்த நம்பரை வைத்தவளே வசுமதிதான். ஆறு எண்ணில் முதல் நாலும் சரியாகத்தான் விழுந்தது, கடைசி இரண்டில்தான் கோளாறு. வாயைத் திறந்தால் வேலை முடிந்தது. திறக்கவில்லை.

"ஏம்மா, உனுக்குத் தெரியாதா?" சம்பத் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கெப்படி சார் தெரியும்?"

நல்லவேளை, ஏசுபாதம் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுவதிலேயே இருந்தார்.

ஒன்பதாவது தப்புக்கு, 'இன்னும் ஒரு முறைதான்' என்று எச்சரித்தது கம்ப்யூட்டர்.

"சார், சார்! நிதானமா யோசிச்சுப் போடுங்க!"

"ஞாபகம் வந்துடுச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே தட்டினார்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. குச்சி பூட்டிக்கொண்டது.

"இன்னா சொல்லுது?"

"பத்துத் தடவை தப்பாப் போட்டா அவ்வளவுதான். உள்ள இருக்கற கையெழுத்து செத்துப்போச்சு. இனி யாராலயும் திறக்க முடியாது. புதுசுதான் வாங்கணும்."

"வாங்குங்க! எப்ப கெடைக்கும்?"

"செங்கம்மா நேர்ல வரணும், என் கண்ணு முன்னாடி விண்ணப்பத்துல கையெழுத்துப் போடணும். அது எதுக்கு, அதை வெச்சு எதுல கையெழுத்து விழப்போகுதுன்னு நான் தமிழ்ல வரி வரியாப் படிச்சுக் காட்டணும். அது என் பொறுப்பு."

சம்பத்தின் முகம் செத்துப்போயிற்று. படிச்சுக் காட்டினால் கதை கந்தல்.

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ! ஒரு நம்பர ஞாபகம் வெச்சுக்கத் துப்பு இல்ல, வாசல்ல அம்மாம் பெரிய போர்டு மாட்டிகினு குந்திக்கினுகீற! மூளை மழுங்கிப்போச்சுன்னா வூட்ல கெடக்க வேண்டியதுதான?"

ஏசுபாதம் தலை குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். தெருவில் கார் கிளம்பிப் போகிற வரைக்கும் அவர் நிமிரவில்லை.

வசுமதிக்கு ஒரு பக்கம் நிம்மதி. ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. எப்படிப்பட்ட ஆளாக இருந்தால் என்ன, சோறு போடுகிற மனுஷன். நிஜமாகவே மறதி வந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், மன்னிச்சிடுங்க. அந்த நம்பர் எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல. அந்த ஆள் உங்களை இவ்வளவு பேசற மாதிரி ஆகிப்போச்சு."

ஏசுபாதம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நீ எங்க சொல்லிடுவியோன்னுதாம்மா நானும் பயந்துகிட்டே இருந்தேன். பத்துத் தடவையும் தப்பாவே போடணும்னா, சரியான நம்பரை ஒரு நிமிஷம்கூட மறக்கக் கூடாதில்ல?"