ஐந்தாம் மாடிக் காப்பி

கணவர் லமாரின் கம்பளிக் கோட்டில் காப்பி வாசனை அடித்தது.

நெட்ரா இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, காப்பிதான். முந்தாநாள் வாசனை, நேற்றைய வாசனை, இன்றைய வாசனை என்று அடுக்கடுக்காக இருந்தது.

வேறு யார் வீட்டிலாவது இது ஒரு செய்தியா? ஆனால் அவர்களுடைய கிறிஸ்தவச் சபையில் காப்பி குடிக்கக் கூடாது. அவளுக்கு அறுபத்தெட்டு வயது, லமாருக்கு எழுபத்தொன்று. பிறந்ததிலிருந்து இரண்டு பேர் நாக்கிலும் ஒரு சொட்டுப் பட்டதில்லை. அந்தச் சபையின் ஊழியத்துக்காகத்தான், அமெரிக்காவில், ஐடஹோவில் இருக்கும் உருளைக்கிழங்கு வயலை மகனிடம் விட்டுவிட்டு, ஆர்மீனியாவில் கியும்ரி ஊருக்குப் பதினெட்டு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். போன ஞாயிறுகூட, சபையில் புதிதாகச் சேர்ந்த டாக்சி டிரைவர் ஒருவருக்கு, காப்பியை எப்படி விடுவது என்று லமார் முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். பாவம், அந்த ஆளுக்கு அழுகையே வந்துவிட்டது.

'ஊருக்குத்தான் உபதேசம்' என்று நெட்ரா பல்லைக் கடித்தாள்.

ஏற்கெனவே அவர்மேல் அவளுக்குக் கோபம். கடைசி மகள் சார்லினுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்.

"ஒரு மாசம் போய்ப் பார்த்துட்டு வந்துடலாங்க" என்று நெட்ரா கெஞ்சினாள்.

"வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கோம். நடுவுல எழுந்து போறதாவது!" என்று சொல்லிவிட்டு லமார் தூங்கிவிட்டார். குறட்டை வேறு. பெற்ற மனம் அவருக்கு இல்லவே இல்லை என்று நெட்ரா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

வாசனையைக் கண்டுபிடித்த மறுநாள் நாலு மணிக்கு லமார் வழக்கம்போல, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினார்.

நெட்ரா கதவிடுக்கில் பார்த்தாள். நடக்கப் போகிறவர் படியில் கீழே அல்லவா இறங்க வேண்டும்? லமார் மேலே ஏறினார்.

லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு, முழங்காலைத் திட்டிக்கொண்டே அவளும் ஏறினாள். ஹெக்னுஷ் அம்மா வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறவர்.

உள்ளே மேஜைமேல் செம்புக் காப்பிப் பாத்திரம். லமார் முன்னால் ஒரு கோப்பை, காலியாக, சாசரில் கவிழ்ந்து கிடந்தது.

"பிடிச்சேன்!"

லமார் நாற்காலியிலிருந்து துள்ளினார். "நெட்ரா! சத்தியமா நான் குடிக்கலை!"

"அப்போ கோப்பையில இருந்தது ஆவியாப் போச்சா?"

"ஹெக்னுஷ் அம்மா குடிச்சாங்க."

"அவங்க கோப்பை அதோ இருக்கே!"

"ரெண்டையும் நான்தான் குடிச்சேன்" என்றார் ஹெக்னுஷ் அம்மா. "ரெண்டு மாசமா இதே கதைதான். எனக்குத் தூக்கமே போச்சு."

"பின்ன எதுக்கு இந்தக் கூத்து?"

லமாரின் காது சிவந்தது. ஹெக்னுஷ் அம்மாதான் சொன்னார். "குடிச்ச கோப்பையைக் கவுத்து, அடியில நிக்கிற வண்டலைப் பார்த்துக் குறி சொல்றதும்மா. எங்க ஊர்ல எல்லாப் பொம்பளைங்களுக்கும் தெரியும்."

"குறியா? ஏங்க, குறி கேக்கறது பாவம்னு ஊரெல்லாம் சொல்றவரு நீங்கதானே?"

"சார்லின் குழந்தை நல்லா இருக்கான்னு..." லமார் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "போன்ல கேட்டா 'நல்லா இருக்கேன்பா'ன்னுதான் சொல்லுவா. நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியலையே."

"தினமுமா கேட்டீங்க?"

"தினமும்தான். ஸ்கேன் எடுத்த அன்னிக்கு ரெண்டு தடவை."

நெட்ராவின் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுஷனைப் போய்க் கல் என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, இன்னிக்கு என்ன வந்திருக்கு?"

"பாவம்னு சொன்னியே?"

"கவுத்தது கவுத்தாச்சு. பார்க்காம விட்டா வீண்தானே?"

ஹெக்னுஷ் அம்மா கோப்பையை நிமிர்த்தினார். சொல்ல வாயெடுத்தவர், நெட்ராவின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"பெத்தவ முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரலைம்மா. யார் குடிச்சாங்களோ அவங்க பலன்தான் கோப்பையில வரும். எங்க ஊர்ச் சின்னப் புள்ளைக்குக்கூட இது தெரியும்."

லமார் வாயைப் பிளந்தார். "அப்போ வடக்கேருந்து வழி திறக்குது, வாசல்ல ஒரு பிள்ளை நிக்குதுன்னு சொன்னீங்களே?"

"அது என் பையன். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு வருஷமாச்சு. உங்க குழந்தை விஷயம்னு சொன்னா, மறுநாளும் வந்து உக்காருவீங்களேன்னு..."

"அறுபது கோப்பை!" என்று முனகியபடி லமார் எழுந்தார்.

"நாளைக்கு வரமாட்டீங்க இல்ல?" என்று ஹெக்னுஷ் அம்மா மேஜை விரிப்பைப் பார்த்துக் கேட்டார்.

நெட்ரா செம்புப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

"நெட்ரா, நாம இதைத் தொட..."

"சும்மா உக்காருங்க."

வாழ்க்கையில் முதல்முறையாகக் காப்பி ஊற்றுகிறாள். பாதி சாசரில் போயிற்று. மீதியை ஹெக்னுஷ் அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"இதையும் குடிங்கம்மா. உங்க பையன் எந்த ஊர் வரைக்கும் வந்திருக்கான்னு பார்ப்போம்."