மங்கி குல்லா பேஷண்ட்

மே மாதத்து மத்தியான வெயிலில் ஒருவர் மங்கி குல்லா போட்டுக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்தால், ரிசப்ஷனில் இருப்பவள் என்னதான் நினைப்பாள்?

திருடன் என்று நினைத்தாள் மெர்சி. காரணம் இருந்தது. போன மாதம்தான் அவள் மேஜை மேலிருந்த கிளினிக் செல்போன் காணாமல் போயிருந்தது. "இனிமே ஒரு குண்டூசி காணாமப் போனாலும் நீ கேஜிஎஃப் ரயிலைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம்" என்று டாக்டர் வெங்கடகிருஷ்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து அப்பாவுக்கு வேலை இல்லை. விடிவதற்கு முன் ரயிலேறி தொம்மலூர் வந்து போகிற மெர்சியின் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடுகிறது.

"பேரு?"

"கார்த்திகேசன்" என்றது குல்லா.

ஐந்து வாரம் முன்பு முதல் ஊசிக்கு வந்தபோதும் இதே குல்லா, இதே கறுப்புக் கண்ணாடி. பெயர் மட்டும் ரவி. மெர்சி மறக்கவில்லை. விலாசம் கேட்டால் ஆசாமிக்கு இருமல் வந்தது. கிட்டே வந்தால் எண்ணெய் வாடை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கி ஓடுகிற திருடன் ஒருவன் பக்கத்து ஏரியாவில் கைவரிசை காட்டுவதாக அன்று காலைப் பேப்பரில்தான் போட்டிருந்தது.

டாக்டருக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. பேஷண்டைக் கண்டாலே அவருக்குப் பிரசங்கம் வந்துவிடும்.

"முழங்கை எப்படி இருக்கு?"

"பாதி வலி குறைஞ்சிருக்கு சார்."

"மீதியும் மெதுவாக் குறையும். வெளி மருந்து எதுவும் இல்ல பாருங்க. உங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்த விடறோம். சிவப்பு அடியில தங்கிடும். மேல மஞ்சளா நிக்கறதுல பிளேட்லெட் கூட்டமா இருக்கும். எங்கே அடிபட்டாலும் முதல்ல ஓடி வர்ற ஆளுங்க அவங்கதான். வலிக்கிற தசைநார்ல அதைப் போட்டா ரிப்பேர் வேலையை உடம்பே பாத்துக்கும். என் கணுக்காலையே பாருங்க! ஏப்ரல்ல படியில பிசகி விழுந்தேன். எனக்கு நானே இந்த ஊசியைப் போட்டுக்கிட்டேன். இப்ப ஓடறேன்!"

கனமான சாக்ஸ் போட்ட காலை ஆட்டியும் காட்டினார். பொய் இல்லை. டிராஃபிக்கில் கார் நகராது என்று, செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்குக் கம்பவுண்டரின் ஸ்கூட்டரை வாங்கி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தானே ஓட்டிப் போய்வருகிறார்.

"நாள் பூரா முறுக்கி இழுக்கிற கைக்குத்தான் இந்த வலி வரும். என்ன வேலை பாக்கறீங்க?"

குல்லா சற்று யோசித்தது. "சொந்தத் தொழில் சார்."

கடப்பாரை, என்று மனசுக்குள் எழுதிக்கொண்டாள் மெர்சி.

ரத்தம் எடுத்து முடிந்ததும் குல்லா மெர்சியிடம் கிசுகிசுத்தது. "டியூப்ல என் பேரு ஒட்டியிருக்கே, வேலை முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுடும்மா."

அவ்வளவுதான். மெஷின் சுற்றி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். மெர்சி மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, கீழே டீ குடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் மஞ்சுநாத்தைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"ஏய், யாரோ நீனு? குல்லாவைக் கழட்டு!"

லத்தியைப் பார்த்ததும் காத்திருந்த நாலு பேஷண்டுகளும் எழுந்து ஓடினார்கள். கான்ஸ்டபிளே குல்லாவைப் பிடுங்கினார். பிடுங்கியவர் விறைத்து நின்று, லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"அய்யோ, ஆனேக்கல் பண்டித்ரே! நீவா?"

எலும்பு வைத்தியர் ஆதிகேசவன்! அவரிடம் கட்டுப் போட்டுக்கொள்ள ஓசூரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். கான்ஸ்டபிளின் ஒடிந்த கால் ஒன்றுசேர்ந்ததும் அந்தக் கையால்தான். முப்பது வருஷம் கட்டுத்துணியை இழுத்து இழுத்து முழங்கை போய்விட்டது. வாடை, கட்டுக்குப் போடும் எண்ணெய் வாடை. அவர் வாசல் போர்டில் ஆளுயர எழுத்தில் இருப்பது: 'ஊசி இல்லை, மாத்திரை இல்லை, கட்டு மட்டுமே.'

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்தப் பேஷண்ட் வந்தாலும் 'அந்த ஆனேக்கல் ஆள்கிட்ட மட்டும் போயிடாதீங்க' என்று பத்து வருஷமாகத் திட்டித் தீர்த்தவர் அவர்.

"ஊசி இல்லைன்னு போர்டு! இங்கே வந்து ரெண்டாவது ஊசியா?" செல்போனை நீட்டிப் படம் பிடித்தார். "நாளைக்கே இதைப் பெரிசாக்கி உங்க போர்டு பக்கத்துல மாட்டறேன் பாருங்க!"

அதே வேகத்தில் மெர்சி பக்கம் திரும்பினார். "கிளினிக்குக்குள்ள போலீசா? இருந்த பேஷண்டையும் ஓட்டிட்டியே! நாளையிலேருந்து நீ வராதே."

மெர்சிக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

ஆதிகேசவன் கோபப்படவில்லை. "மெஷின் நின்னுடுச்சு டாக்டர். முதல்ல ஊசியைப் போடுங்க" என்று முழங்கையை நீட்டினார். போட்டுக்கொண்டு எழுந்தவர், டாக்டரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

டாக்டர் செல்போனைப் பார்த்தார். எடுத்த படத்தை அவரே அழித்தார்.

"மெர்சி... நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா."

மெர்சி மாடிப்படி வரை ஆதிகேசவனின் பின்னாலேயே ஓடினாள். "தப்பா நினைச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க ஐயா. அவர்கிட்ட அப்படி இன்னா சொன்னீங்க?"

ஆதிகேசவன் குல்லாவை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா, வர்ற செவ்வாய்க்கிழமை கணுக்கால் கட்டு மாத்த வரும்போதாவது ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உக்காருங்க டாக்டர்னு சொன்னேன்."